மூன்றாம் நம்பர் சி.டி.

தங்கதுரை மாடிப்படி ஏறி வந்தபோது கையில் துணி இல்லை. விஜயகுமாரிக்கு அதுவே அதிசயமாகப் பட்டது. நஞ்சப்பனைத் தேடி வருகிற எவரும் கக்கத்தில் ஒரு துணிச் சுருள் இல்லாமல் வந்ததில்லை. ஓட்டை விழுந்த துணி, திட்டுத் திட்டாய்ச் சாயம் ஏறிய துணி, ஒரு துவையலுக்கே கோணிக்கொண்ட பனியன் என்று ஏதாவது ஒரு வில்லங்கம் வரும். நிட்டிங்காரர் சாயப்பட்டறையைக் கை காட்டுவார். சாயப்பட்டறைக்காரர் தையல் கம்பெனியைக் காட்டுவார். தையல் கம்பெனிக்காரர் தலைக்கு மேலே வானத்தைக் காட்டுவார். நஞ்சப்பன் ஜன்னல் வெளிச்சத்தில் துணியை விரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, குறை எந்தக் கையில் பிறந்தது என்று சொல்லிவிடுவார். விஜயகுமாரி அதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பாள். இருபது வருஷமாக அந்தத் தாளுக்குத் திருப்பூரில் மறுபேச்சு கிடையாது.

வந்தவர் முதலிபாளையம் சிட்கோவில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடித்த கைக்குட்டைக்குள் இருந்து ஒரு சி.டி.யை எடுத்து மேஜைமேல் வைத்தார். துணி பார்க்கிற இடத்துக்கு இது எதற்கு என்று விஜயகுமாரி கேட்க வாயெடுத்தாள். நஞ்சப்பன் பேசாமலிரு என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

தங்கதுரை சொன்னது இவ்வளவுதான். போன வருஷம் ஐப்பசியில் அவர் மனைவி பொன்னாத்தாள் இறந்துபோனாள். நாலு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் ஆள் இல்லை. பிள்ளைகள் கிடையாது. அதற்கு முந்தின வருஷம்தான் கோயம்புத்தூரில் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். அது வந்த பிறகு யார் போட்டோ பிரிண்ட் போட்டார்கள்? கேமராவின் கார்டு நிரம்பினால் மண்ணரையில் முனீஸின் பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோவார். முனீஸ் எல்லாவற்றையும் ஒரு சி.டி.யில் ஏற்றிக் கொடுத்துக் கார்டைக் காலி செய்துவிடுவான். அப்படி மூன்று சி.டி. சேர்ந்தது. முதல் இரண்டில் கல்யாணமும் காதுகுத்தும் கோயில் விசேஷமும். மூன்றாவதில் கடைசிப் பத்து மாதம், முழுக்கப் பொன்னாத்தாள். பொங்கலன்று டி.வி.டி. பிளேயரில் போட்டுப் பார்த்தார்; பாதியிலேயே தாங்க முடியாமல் நிறுத்திவிட்டார். இப்போது வருஷத் திதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். ஒரு படத்தைப் பெரிதாக்கி மாட்டலாம் என்று எடுத்துப் போட்டால், டிஸ்க்கே இல்லை என்கிறது பிளேயர்.

"கல்யாணப் போட்டோ ஒண்ணு ஊட்டுல இருக்குதுங்க" என்றார் தங்கதுரை. "அதுல இருக்கறது இருபது வயசுப் புள்ளை. எங்கூடப் பதினஞ்சு வருஷம் குடும்பம் பண்ணுனவ அவ இல்லீங்க. இப்பெல்லாம் கண்ணை மூடுனா அவ சத்தம் வருதுங்க, மொகம் வர மாட்டேங்குது. இது போச்சுன்னா எனக்கு அந்த மொகம் போச்சுங்க. யாரு பண்ணுனாங்கன்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

நஞ்சப்பன் சி.டி.யை விளிம்பில் பிடித்து ஜன்னலுக்கு எதிரே தூக்கினார். மேல்பக்கத்து வெள்ளிப் பூச்சு திட்டுத் திட்டாகப் போயிருந்தது. போன இடங்களில் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் எதிர்வீட்டு மாடி தெரிந்தது. திருப்பினார். பளபளவென்று மின்னும் கீழ்ப்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை, ஒரு விரல் ரேகைகூட இல்லை.

"எப்படி வெச்சிருந்தீங்க?"

"மூணும் வெறும் காகிதக் கவர்லதானுங்க, பீரோவுக்குள்ள." தங்கதுரை பையைத் துழாவி மற்றதையும் எடுத்து வைத்தார். "ஆனா இது மட்டும் இந்தப் பிளாஸ்டிக் பைக்குள்ள இருந்துதுங்க. நான் போடலை."

பனியன் போட்டு அனுப்புகிற சாதாரணப் பை அது. வாய் மடித்து, ஓரம் பிசகாமல் டேப் ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றும் கிடந்தது. காகிதக் கவரின் பின்புறம் சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். அதைத் தங்கதுரை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செக்கிங் செக்‌ஷனில் துணியில் குறை இருக்கிற இடத்தைக் காட்ட ஒட்டுவது. கம்பெனி பூராவும் சிதறிக் கிடக்கும். தன் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்றார். முதல் இரண்டு சி.டி.யிலும் கறுப்பு மார்க்கரில் ஒன்று, இரண்டு என்று எழுதியிருந்தது. மூன்றாவதில் எழுத்தே இல்லை. முனீஸ் அதிலும் மூன்று என்று எழுதித்தான் கொடுத்தானாம்.

"ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வர்றேங்க" என்று சொல்லி நஞ்சப்பன் சி.டி.யை வாங்கி வைத்துக்கொண்டார்.

விஜயகுமாரிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஆகாது. புருஷன் வேறொருத்தி வீட்டுக்குப் போய் ஆறு வருஷம் ஆயிற்று. அன்றிலிருந்து பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான் குடித்தனம். வாரநாளில் வேலை இருக்கிறது, வாய் ஓயாது. ஞாயிறன்று மத்தியானச் சோறு தின்ற பிறகு பேச ஓர் ஆள் இருக்காது. அதனால் நஞ்சப்பன் கூப்பிடும் முன்பே அவள் கிளம்பி நின்றாள்.

மண்ணரையில் வரிசையாகப் பத்து அறைகள் கொண்ட லைன் வீட்டில் ஏழாவது அறை தங்கதுரையுடையது. ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு டி.வி. மூலையில் நீல டிரம்மில் தண்ணீர் தளும்ப நின்றது. வாயில் வெள்ளைத் துணி கட்டி வடிகட்டியிருந்தது. சாவியைக் கரண்ட் மீட்டர் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போவது வழக்கம் என்றார். பொன்னாத்தாள் காலத்துப் பழக்கம், லைன் பூராவுக்கும் தெரியும். காலை எட்டு மணிக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் திரும்புவார், வாரத்தில் ஆறு நாளும். இந்தப் பக்கம் தண்ணீர் விடுவதோ நாலு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் பட்டப்பகலில் என்று அலுத்துக்கொண்டார்.

"ஊட்டுக்கு யார் யார் வந்து போவாங்க?" என்று விஜயகுமாரி நோட்டைப் பிரித்தாள்.

"யாரும் வர்றதில்லீங்க. எனக்கு யாரு இருக்கறாங்க? பங்குனியில ஒருக்கா மாப்பிள்ளை வந்தான், அவ தம்பி அங்கமுத்து. அதோட சரி."

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையில் குடியிருக்கும் பெண் இடுப்பில் குடத்தோடு உள்ளே வந்தாள். ஞாயிறு அரைநாள் ஷிப்டு முடிந்து வந்தவள் போலிருக்கிறது. நூல் பிசிறு வெட்டும் கட்டர் இன்னும் கழுத்தில் கயிற்றோடு தொங்கியது. முகப்பவுடர் கலைந்த, ஒடிசலான பெண். டிரம்மின் துணியை இறுக்கிக் கட்டி, குடத்துத் தண்ணீரை அலுங்காமல் பக்கத்துத் தவலையில் ஊற்றிவிட்டு, யாரையும் பார்க்காமல் போனாள். "சாத்தூர்ப் புள்ளை" என்றார் தங்கதுரை திரும்பிப் பார்க்காமலே, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

தொடர்ந்தது அங்கமுத்துவின் கதை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு நாள் பிந்திவிட்டதென்று அவனுக்கு ஆறாத கோபம். எழவு வீட்டில் நாலு பேர் முன்னால், அக்காவின் முகத்தைப் பார்க்கிற யோக்கியதை உனக்கு இல்லை என்று கத்தியிருக்கிறான். பங்குனியில் தங்கதுரை வேலை முடிந்து வந்தபோது, திறந்த அறைக்குள் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரமாக இருக்கிறானென்று லைன்காரர்கள் சொன்னார்கள். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விட்டானாம்.

வெளியே வந்ததும் விஜயகுமாரி பொரிந்து தள்ளினாள். இதற்கு மேல் என்ன வேண்டும், கேஸ் முடிந்தது என்றாள். நஞ்சப்பன் அந்த அறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவசரப்பட்டு வெட்டினால் துணி வீணாகும் அம்மிணி, முதலில் சி.டி. கொடுத்தவனைப் பார்ப்போம் என்றார்.

முனீஸின் பிரவுசிங் சென்டர் அடுத்த தெருவில். தடுப்புப் பலகைக்கு ஒன்றாக ஆறு கம்ப்யூட்டர். 'சி.டி. பார்க்க விரும்புவோர் கவுண்டரில் கொடுக்கவும்' என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. உள்ளே இருக்கிற எந்த மிஷினிலும் சி.டி. டிரைவ் கிடையாது, பையன்கள் கண்டதைப் போட்டு வைரஸ் ஏற்றிவிடுகிறார்கள் என்று கழற்றிவிட்டானாம். விஜயகுமாரி எடுத்த எடுப்பில் மட்டமான சி.டி.யைத் தலையில் கட்டிவிட்டாய் என்று பாய்ந்தாள். அருப்புக்கோட்டைக்காரனான முனீஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதே டப்பாவில் மிச்சமிருந்த சி.டி.களைக் கொட்டிக் காட்டினான். ஒன்றும் இரண்டும் அதே டப்பாதான், அதெல்லாம் உரிந்தா போயிற்று என்று கேட்டான். கேட்டது நியாயம்தான்.

நஞ்சப்பன் அவனிடம் இரண்டே கேள்வி கேட்டார். படம் சி.டி.யில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது முதலாவது.

"எல்லாரும் கீழ பளபளன்னு இருக்கதுதான் படம்னு நெனைக்காக அண்ணாச்சி. அது வெறும் பிளாஸ்டிக்கு. படம் மேல்பக்கத்துல, இந்தப் பூச்சுக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. பூச்சு போச்சுன்னா படமும் போச்சு."

அந்த மார்க்கர் எழுத்தை எதால் அழிக்கலாம் என்பது இரண்டாவது. தண்ணீருக்கும் சோப்புக்கும் போகாது, தின்னர் மாதிரி ஏதாவது மருந்து போட்டுத் துடைத்தால்தான் போகும் என்றான் முனீஸ். நஞ்சப்பன் லேசாகத் தலையாட்டிவிட்டு எழுந்துகொண்டார்.

மறுநாள் திருமுருகன்பூண்டிக்குப் பஸ் ஏறினார்கள். சிற்பப் பட்டறையில் அங்கமுத்து ஒரு நந்தியின் முதுகைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருந்தான். கை சுற்றிச் சுற்றிப் போனது. விஜயகுமாரி நஞ்சப்பனின் முழங்கையை இடித்தாள். தேய்க்கிறதே இவன் தொழில், வேறு சாட்சி என்னத்துக்கு?

அங்கமுத்து மறைக்கவில்லை. பங்குனியில் போனேன், மச்சான் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன் என்றான். ஏன் போனாய் என்றதற்குக் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்த சி.டி.யை ஒருக்காக் குடுங்க மச்சான், பாத்துட்டுத் தர்றேன்னு கேக்கத்தானுங்க போனேன். எழவு ஊட்டுல அத்தனை பேச்சுப் பேசிப்போட்டு எந்த மொகத்தை வெச்சுட்டுக் கேக்கறது? வாய் வல்லீங்க. வந்துட்டேன்."

சி.டி. கெட்டுப்போன சங்கதியை நஞ்சப்பன் சொன்னார். அங்கமுத்துவின் கையிலிருந்த தேய்ப்புக்கல் நழுவி விழுந்தது. அவன் அதை எடுக்காமல் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பஸ்ஸில் திரும்பும்போது, இதெல்லாம் நடிப்பு, ஆம்பளை அழுதால் நம்பக் கூடாது, நான் நம்பிக் கெட்டவள் என்றாள் விஜயகுமாரி. நஞ்சப்பன் சிரிக்கவில்லை. அவன் கையைப் பார்த்தாயா அம்மிணி என்று மட்டும் கேட்டார். அவள் முகத்தைத்தான் பார்த்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு பிற்பகல் தங்கதுரையின் அறையில் எல்லாரையும் கூட்டினார் நஞ்சப்பன். அங்கமுத்து வாசலுக்குள் வராமல் நிலையில் சாய்ந்து நின்றான். முனீஸ் தரையில் சம்மணம் போட்டான். பக்கத்து அறை அம்மிணியையும் கூப்பிடுங்க என்றபோது தங்கதுரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் புள்ளை எதுக்குங்க என்றார். அவள் வந்து டிரம்மின் ஓரமாக நின்றுகொண்டாள்.

நஞ்சப்பன் சி.டி.யை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதை ஒருத்தர் ஆத்திரத்துல அழிச்சதுன்னு எங்க அம்மிணி சொல்லுது. ஆத்திரக்காரனுக்கு இதை ஒடைக்க ரெண்டு வெரல் போதும்ங்க. இல்லீன்னா கீழ்ப்பக்கம் ஆணியில ஒரு கோடு கிழிப்பான். இல்லீன்னா நொய்யல் ஆத்துல வீசிட்டுப் போவான். இதுல கீழ்ப்பக்கம் ஒரு கீறல் இல்லை. அங்கமுத்து கையில எந்நேரமும் கல்லுப்பொடி. அந்தக் கை ஒருக்காப் பட்டிருந்தா இந்தப் பிளாஸ்டிக்கு கண்ணாடியாட்ட இருக்காதுங்க."

விஜயகுமாரிக்கு முகம் சுருங்கியது. அங்கமுத்து நிலையை விட்டு ஓர் அடி உள்ளே வந்தான்.

"அப்பறம் இந்தப் பையி. பாழ் பண்ண வந்தவன் பையில போட்டு, ஈரம் ஏறக்கூடாதுன்னு பொட்டலம் வெச்சு, ஓரம் பிசகாம டேப் ஒட்டி, எடுத்த எடத்துலயே வெச்சுட்டுப் போவானுங்களா? இது எக்ஸ்போர்ட் பீஸைப் பேக் பண்ற கை. பண்ணுனவங்க இதைப் பத்திரமா இருக்கோணும்னு நெனச்சுப் பண்ணியிருக்கறாங்க."

"பின்னே ஏனுங்க இப்படி ஆச்சு?" என்றார் தங்கதுரை.

"நம்ம ஊர்ப் பழக்கந்தானுங்க. செக்கிங்ல ஒரு பீஸ்ல கறை இருந்தா என்ன பண்ணுவாங்க? எடம் தெரியறதுக்கு ஒரு அம்புக்குறி ஒட்டுவாங்க. அப்பறம் துணியில மருந்தை நனச்சு, வெளியில இருந்து உள்ள பாத்துத் தேய்ப்பாங்க. நடுவுல இருந்து தேய்ச்சா கறை பரவீரும். லென்ஸ் வெச்சுப் பாத்தேன், இதுல அத்தனை தேய்ப்பும் ஓரத்துல இருந்து நடுவுக்குத்தான் போகுது. கறை எடுத்திருக்கறாங்க. படம் கீழ்ப்பக்கம் இருக்குதுன்னு நெனச்சு அதைத் தொடாமக் காப்பாத்திட்டு, மேல்பக்கந்தானேன்னு மருந்தைப் போட்டுட்டாங்க. முனீஸ் சொல்ற வரைக்கும் நானும் கீழ்ப்பக்கந்தான்னு நெனச்சிருந்தேன்."

நஞ்சப்பன் டிரம்மைப் பார்த்தார்.

"ஊட்டுக்கு யாரும் வர்றதில்லைன்னு சொன்னீங்க தங்கதுரை. ஆறு நாள் பகல்ல நீங்க இங்க இல்லை. நாலு நாளைக்கு ஒருக்காப் பகல்லதான் தண்ணி. ஒரு வருஷமா இந்த டிரம்மை யாருங்க ரொப்புனாங்க?"

தங்கதுரை டிரம்மைப் பார்த்தார். தண்ணீர் இருந்தது, மொண்டு குளித்தார், குடித்தார். யார் பிடித்து வைத்தார்கள் என்று ஒரு நாள் நினைத்துப் பார்த்ததில்லை. மெதுவாகத் தலை திரும்பி டிரம்மின் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார்.

சாத்தூர்ப் பெண் அழவில்லை. தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள்போல் இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டாள்.

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல தண்ணி புடிக்க வாரப்ப நாந்தாண்ணே எடுத்தேன். வைகாசில. அக்கா செத்த அன்னைக்கு எனக்கு லீவு குடுக்கல. ஷிப்டு முடிச்சு ஓடியாந்து பாக்கதுக்குள்ள தூக்கிட்டாக. கடைசியா நான் மொகத்தப் பாக்கல. இந்த ஊருக்கு வந்து நாலு வருசமாச்சு, சாப்ட்டியான்னு கேட்டது அக்கா மட்டுந்தான். ஒரு தடவ பாத்துட்டு வச்சிரலாம்னு எடுத்தேன். பாத்துட்டு இருக்கப்ப சி.டி. மேல டீ கொட்டிருச்சு. தண்ணில தொடச்சும் போகல. கறையோட திருப்பி வைக்க மனசு வரல. கம்பெனில இருந்து மருந்து கொண்டாந்து தொடச்சேன். தொடைக்கத் தொடைக்க மேல இருக்க வெள்ள போச்சு. பெயிண்டுதான் போகுதுன்னு நெனச்சேன். படம் போயிருக்கும்னு தெரியாதுண்ணே. சத்தியமாத் தெரியாது."

"கேட்டிருக்கலாமே? ஒரு வார்த்தை கேட்டிருந்தா மச்சான் குடுத்திருக்க மாட்டாரா?" என்றான் அங்கமுத்து. கேட்ட பிறகுதான் தான் கேட்காமல் வந்தது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணே எங்கிட்டப் பேசுனதே இல்லியே" என்றாள் அவள்.

தங்கதுரை கட்டிலில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று விஜயகுமாரி எதிர்பார்த்தாள். அவர் இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். யார் செய்தது என்று தெரிந்தாயிற்று. தெரிந்து என்ன? முகம் போனது போனதுதானே. குற்றவாளியைக் கண்டுபிடித்தால் மனசு ஆறும் என்று இத்தனை நாள் நினைத்திருந்த விஜயகுமாரி இப்படி ஒரு குற்றவாளியை எதிர்பார்க்கவில்லை.

நஞ்சப்பன் மட்டும் இன்னும் முடிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் எங்கே போட்டுப் பார்த்தாய் அம்மிணி என்று கேட்டார். வரும்போது பார்த்தேன், உன் அறையில் டி.வி.கூட இல்லையே என்றார். அவள் முனீஸைக் கை காட்டினாள். முனீஸ் திகைத்தான். ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் வருகிறார்கள், ஞாபகம் இல்லை என்றான்.

"ஞாபகம் வேண்டாமுங்க. கவுண்டர்ல சி.டி. குடுத்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"சர்வர்ல போட்டு, டி டிரைவ்ல காப்பி பண்ணி, சி.டி.யத் திருப்பிக் கையில குடுத்துட்டு, அவுக உக்காந்திருக்க மிஷினுக்கு நெட்வொர்க்குல..." முனீஸ் பாதியில் நிறுத்தினான். "அண்ணாச்சி, ஆடி மாசம் வைரஸ் வந்து சர்வர பார்மட் அடிச்சேன்." நெற்றியில் அடித்துக்கொண்டு யோசித்தான். "ஆனா அடிச்சது சி டிரைவ் மட்டுந்தான். டி-ல கை வச்சதா நெனைப்பு இல்ல. வச்சேனான்னும் தெரியல. இருங்க."

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான்.

அவன் வர ஒன்றேகால் மணி நேரமாயிற்று. அத்தனை நேரமும் யாரும் எழுந்து போகவில்லை. ஒரு செத்துப்போன பொம்பளையின் முகத்துக்காக மூன்று பேர் ஆளுக்கொரு மூலையில் காத்துக்கிடப்பதை விஜயகுமாரி பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் ஒருத்தரும் இன்னொருத்தரிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை. நான் செத்தால் என் படத்தைத் திருடிப் பார்க்க யார் வருவார்கள் என்று நினைத்தாள். விடுதிக்கார அம்மா கட்டிலைத்தான் அடுத்தவளுக்குக் கொடுப்பாள். அப்படி நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. தூசி விழுந்தவள்போல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முனீஸ் புதுச் சி.டி.யோடு வேர்த்து விறுவிறுத்து வந்தான். டி டிரைவில் பெயர் வைக்காமல் கிடந்த முப்பத்தெட்டு ஃபோல்டரில் இருபத்தொன்பதாவதைத் திறந்தபோது அக்கா நின்றார்களாம். அறுநூற்றுப் பதினெட்டுப் படம். ஒன்றுகூடக் குறையவில்லை.

டி.வி.யில் பொன்னாத்தாள் வந்தாள். பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு டம்ளரோடு நின்றாள். இதே வாசலில் துணி பிழிந்தாள். கேமராவைப் பார்த்து, 'போங்க அக்கட்டால' என்று திட்டுவதுபோல் கையை ஓங்கினாள். தங்கதுரை டி.வி.க்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, ஒவ்வொரு படத்துக்கும் அவள் முகத்தையே பார்த்தார். அங்கமுத்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே அழுதான்.

நூறு படம் தாண்டியிருக்கும். தங்கதுரை ரிமோட்டை அழுத்துவதை நிறுத்தினார். பொன்னாத்தாளின் பக்கத்தில் இன்னொருத்தி குடத்தோடு சிரித்துக்கொண்டு நின்றாள். முந்தின படத்துக்குப் போனார். அதிலும் அவள் இருந்தாள், பாதி உடம்பு ஓரத்தில் வெட்டுப்பட்டு. அதற்கு முந்தினதில் பொன்னாத்தாள் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இத்தனையும் அவரே எடுத்த படங்கள். வரிசையாக ஓட்டிப் பார்த்தார். அவள் இல்லாத படத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பிறகு முனீஸைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு போட்டுக் கொண்டா. ஒரே ஊட்டுல வெச்சிருந்தா மறுக்காவும் போயிரும். ஒண்ணு மாப்பிள்ளைகிட்ட பூண்டியில இருக்கட்டும். ஒண்ணு பக்கத்து ரூமுல இருக்கட்டும்."

"எங்கிட்ட டி.வி. இல்லண்ணே" என்றாள் அந்தப் பெண், தலை நிமிராமல்.

"இங்க வந்து போட்டுப் பாரு. சாவி எங்க இருக்குதுன்னு உனக்குத்தான் தெரியுமே."

முனீஸ் ஏற்கெனவே இரண்டு போட்டுத்தான் கொண்டுவந்திருந்தான், ஒன்று தவறினால் இன்னொன்று ஆகுமென்று. சட்டைப் பையிலிருந்து மற்றதை எடுத்து, கவர்மேல் எழுத மார்க்கரைத் திறந்தான். அங்கமுத்துவுக்கு நாளைக்குத் தருகிறேன், இதைப் பக்கத்து ரூமுக்கே கொடுத்துவிடலாம், என்ன பெயர் எழுத என்றான்.

தங்கதுரை பதில் சொல்ல வாயெடுத்து நின்றார். விஜயகுமாரி தன் நோட்டைப் பார்த்தாள். அதில் முனீஸ் இருந்தான், அங்கமுத்து இருந்தான், லைன் வீட்டுச் சொந்தக்காரர்கூட இருந்தார்.

தங்கதுரை மார்க்கரைத் தானே கையில் வாங்கிக்கொண்டார்.

"உம் பேரு என்ன கண்ணு?"

"நதியாண்ணே" என்றாள் அவள்.

கட்டிங் மாஸ்டர் அல்லவா, வெட்டிய துணிக் கட்டின்மேல் லாட் நம்பர் எழுதுகிற மாதிரி பெரிய எழுத்தாக, நிறுத்தி எழுதினார்.